வரம் கேட்க வளர்த்த உடம்பு

"வே, ஆளைப் பாத்தா ஆனையை முட்டித் தள்ளிருவீரு போலுக்கு. ஒமக்கு என்னவே சீக்கு?"

ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலில் கிடந்த பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஒட்டிய கன்னமும் குச்சிக் கையுமாக இருந்த மனுஷன், தானே எழுந்து தானே நடந்து கழிப்பறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். எனக்கு முப்பத்திரண்டு வயது. அதே கழிப்பறைக்கு நான் என் மனைவி செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். பத்தடி போனதும் நின்று மூச்சு வாங்கினேன்.

"நெஞ்சுல கோளாறு அண்ணாச்சி" என்றேன்.

"நெஞ்சுலயா? இம்புட்டு அகல நெஞ்சுலயா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. ஆனால் எனக்கிருந்த ஆத்திரத்தில் தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்திருப்பேன், எறியத் தெம்பிருந்தால்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இப்போது மாடிப்படி ஏறுகிறேன், பைய ஏறுகிறேன். வண்டி ஓட்டுகிறேன். பழைய சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று தொங்குகின்றன. எங்கள் பக்கத்தில் ஜிம்முக்குப் போகிற பையன்கள் படித்துத் திருந்தட்டும் என்று இதை எழுதுவதாகச் சொன்னால் அது பாதி உண்மை. செல்விக்கு நான் செய்ததை எங்காவது ஓர் இடத்தில் மழுப்பாமல் வரிசையாகச் சொல்லியாக வேண்டும். அதுதான் மீதி.

ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீரில் வாழை விளைகிற ஊர் எங்களுடையது. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து, வயல்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவது என் தொழில். பெயர் இசக்கிமுத்து. அந்தப் பெயரில் கூப்பிட்டவர்கள் குறைவு. சின்ன வயதிலிருந்து எல்லாருக்கும் நான் 'ஓடக்கான்'. வேலியில் ஓடுகிற ஓணானுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அவ்வளவு ஒல்லி. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, என் கதையில் ஓணானும் நான்தான், வேட்டியும் என்னுடையதுதான்.

செல்வியைக் கட்டிய முதல் வருஷமே அவள் உண்டானாள். மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது. சோறு தண்ணி இல்லாமல் ஒரு மாதம் அழுதாள். அப்போது என் அம்மா, குலசேகரன்பட்டினம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். "தாயே, அடுத்தது தங்கட்டும். எம்புள்ள மூணு வருசம் ஒனக்கு வேஷம் கட்டுவான்."

குலசை என்று நாங்கள் சொல்கிற அந்த ஊர் அம்மன் கோயிலில் தசராவுக்கு அப்படி வேண்டிக்கொள்வது எங்கள் ஊர்களில் வழக்கம். நாள்கணக்கில் விரதம் இருந்து, கையில் காப்புக் கயிறு கட்டி, காளி, முனி, குறவன், போலீஸ், குரங்கு என்று நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டு, மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுத்து, கடைசியில் அம்மன் உண்டியலில் போட்டுவிட்டுக் காப்பை அவிழ்க்க வேண்டும். எங்கள் ஊர்க் குழுவை நடத்துகிறவர் கணபதி அண்ணாச்சி. அவர் எனக்குக் கருப்பசாமி வேஷம் என்று சொல்லிவிட்டார். வெறும் உடம்பில் கறுப்புச் சாயம், ஒட்டு மீசை, கையில் அரிவாள்.

முதல் வருஷம் மேளம் முழங்க ஒரு தெருவுக்குள் நுழைகிறேன். வாசலில் நின்ற ஒரு பொம்பளை, "ஏ யம்மா, கருப்பசாமிக்கு டைபாய்டு காச்சலா?" என்று கேட்டுவிட்டாள். தெருவே சிரித்தது. குழுவில் மேளம் அடித்தவனும் சிரித்தான். இடுப்பெலும்பும் விலா எலும்பும் சாயத்துக்கு மேலே வரிவரியாகத் தெரிந்தால் சிரிக்க மாட்டார்களா? ஆனால் எனக்கு வேறு மாதிரி உறைத்தது. இந்த உடம்போடு போய்ப் பிள்ளை வரம் கேட்டால் சாமிக்கே நம்பிக்கை வராது என்று தோன்றியது. சிரிக்காதீர்கள், அன்றைக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

ஜிம்மில் சேர்ந்தேன். ஆறு மாதம் முட்டையும் சுண்டலும் தின்று இரும்பைத் தூக்கினேன். இரண்டு கிலோ ஏறியது. அங்கே சொல்லிக் கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். அவர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, சின்னச் சீசாவில் எண்ணெய் போல ஒரு மருந்தைக் காட்டினார்.

"பயப்படாதேயும். இது ஆம்பளை ஹார்மோன். நம்ம ஒடம்புல ஊறுததுதான். கொஞ்சம் சேத்துப் போடுதோம், அம்புட்டுதான்."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாஸ்டர், எனக்குப் பிள்ளை வேணும். அதுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"நல்லாக் கேட்டீரு போம்! ஆம்பளைக்கு ஆம்பளை ஹார்மோன் போட்டா பிள்ளை வேகமால்லா நிக்கும்?"

மாஸ்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அதுகூடத் தெரியாது. வரம் கேட்டு வேஷம், வேஷத்துக்கு உடம்பு, உடம்புக்கு ஊசி, அந்த ஊசியே பிள்ளைக்கும் மருந்து. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று வாரம் இரண்டு முறை இடுப்பில் குத்திக்கொண்டேன். வீட்டில் வைத்தால் செல்வி பார்த்துவிடுவாள் என்று சீசாக்களை வண்டியில், டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

உடம்பு வந்தது. அதை மறைக்க முடியாது. நான்கே மாதத்தில் சட்டைக் கை கிழிந்தது. அடுத்த தசராவுக்கு அதே தெருவில் நுழைந்தபோது பொம்பளைகள் பிள்ளைகளை இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். கணபதி அண்ணாச்சி, "ஏலே, சாமி மாதிரியே இருக்கலே!" என்று என் காலில் விழுந்தார். அவருக்கு அறுபது வயது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, விரத மகிமை என்று ஊரெல்லாம் சொன்னாள். நானும் ஆமாம் விரதம்தான் என்று தலையாட்டினேன்.

மற்றதையும் சொல்ல வேண்டும். முதுகு முழுக்கச் சீழ்க்கட்டி. ஒரே வேர்வை. ஒன்றுமில்லாததற்குக் கோபம். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைச் சுவரில் வீசியிருக்கிறேன். "ஒங்களப் பாத்தா பயமா இருக்கு" என்று செல்வி சொன்னதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன், வெட்கம்கெட்டவன். விரை சிறுத்துப்போனது. அதையும் பார்த்தேன். பார்த்தும் மாஸ்டரிடம் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை.

செல்வி மறுபடி உண்டாகவில்லை. இரண்டு வருஷமும் ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்து ஏமாந்தாள். அம்மா, "தங்காத வயித்துக்கு எத்தன நேர்ச்சை?" என்று பக்கத்து வீட்டில் பேசுவது எங்கள் வீட்டில் கேட்கும். டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, மருந்தை உள்ளே செலுத்திக்கொண்டே எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த அறையிலிருந்து அவள் போட்ட சத்தம் வெளியே வராண்டா வரைக்கும் கேட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டுக்காரருக்கும் ஒரு பரிசோதனை எடுத்துவிடலாம் என்றார் அந்த டாக்டர். நான் நாற்காலியில் சாய்ந்து, கையை மடக்கி, "ஒரு தடவ உண்டாச்சில்லா? என்னைப் பாத்தா குறை உள்ளவன் மாதிரியா தெரியுது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது தசரா. நேர்ச்சையின் கடைசி வருஷம். இந்த முறை உடம்பில் நரம்பும் தசையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று, மாஸ்டர் நீர் வற்றுகிற மாத்திரை கொடுத்தார். ஒருவேளைச் சாப்பாட்டு விரதம், தண்ணீர் குறைவு, அதற்குமேல் இந்த மாத்திரை, அதற்கும்மேல் கையில் காப்போடு ஊசி. ஒரு மாதமாகவே படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்து தூங்கினேன். கால் வீங்கியது. விரதக் களைப்பு என்று நினைத்தேன். வேஷம் கட்டுகிறவன் களைப்பை வெளியே சொன்னால் நேர்ச்சைக்குக் குறை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், ஓர் ஊரில் ஆடிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் துடிப்பு இடறியது. கை கால் வெட்டி இழுத்தது. கீழே விழுந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணபதி அண்ணாச்சி, "சாமி வந்துட்டு! அடிலே மேளத்தை!" என்று கத்தினாராம். மேளம் இன்னும் வேகமாக முழங்கியதாம். ஜனங்கள் கும்பிட்டுக் குலவை போட்டார்களாம். எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது, ஊர் என்னிடம் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் நின்ற செல்விதான் உள்ளே பாய்ந்திருக்கிறாள். "சாமியத் தொடாதட்டி!" என்று நாலு பேர் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு, என் ஒட்டு மீசையைப் பிய்த்து எறிந்து, வாயில் நுரையைத் துடைத்து, "இது சாமி இல்ல! என் வீட்டுக்காரருக்கு மூச்சு வரல! வண்டிய எடுங்க!" என்று அலறியிருக்கிறாள். குழுவோடு வந்திருந்த, வாழைத்தார் ஏற்றுகிற என் குட்டியானையின் பின்னால் போட்டுத்தான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கரண்ட் வைத்து இதயத்தை ஓட விட்டு, ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

எனக்கு நினைவு வந்தபோது இரண்டு நர்சுகள் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் வைத்து என்னைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் கறுப்புச் சாயம். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் வில்லைகள் ஒட்டவில்லை. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை விரலில் மாட்டினால், நகத்திலும் சாயம் என்பதால் அது ஒன்றும் காட்டவில்லை. முகத்தில் இறுக்கமாக மாஸ்க் கட்டி, காற்றை நுரையீரலுக்குள் தள்ளினார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டுப் போட்டு அந்த நீரைச் சிறுநீராக இறக்கினார்கள். தண்ணீரில் அமுக்கிப் பிடித்த தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டது போல இருந்தது.

இதயத்தைப் பார்த்தது நாகர்கோவில் பக்கத்து டாக்டரம்மா. சிரிக்க மாட்டார், சுற்றி வளைக்கவும் மாட்டார். எக்கோ என்கிற பரிசோதனையில், நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை வைத்து, உள்ளே இதயம் அசைவதைத் திரையில் காட்டினார். "பாருங்க. வீங்கித் தளர்ந்து போயிருக்கு. நல்ல இதயம் தன்கிட்ட நிறைஞ்ச ரத்தத்துல பாதிக்கு மேல ஒவ்வொரு துடிப்பிலயும் வெளிய தள்ளும். உங்களுது அஞ்சுல ஒரு பங்குதான் தள்ளுது." திரையில் அது துடிப்பதாகவே தெரியவில்லை. சோம்பேறித்தனமாக நெளிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்க ஆஞ்சியோகிராம். வலது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் அனுப்பிப் பார்ப்பது அது. வலது மணிக்கட்டில்தான் காப்பு கட்டியிருந்தது. நர்ஸ் கத்திரியை எடுத்ததும் அம்மா குறுக்கே வந்து விழுந்தாள்.

"காப்ப அறுக்கப்பிடாது தாயி! கோயில்ல வச்சுதான் அவுக்கணும். மூணு வருச நேர்ச்சையும் பாழாப் போயிரும்!"

நர்ஸ் விழித்தாள். செல்வி அவள் கையிலிருந்து கத்திரியை வாங்கினாள். "அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன் அத்தே" என்று சொல்லி அறுத்துவிட்டாள்.

அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "புள்ள வரத்தையே அறுத்துட்டியேட்டி, பாவி!"

செல்வி கத்திரியை நர்ஸிடம் நீட்டினாள். அவள் முகம் சிறுத்துப்போனது. காப்புக் கட்டிய கையாலேயே ஊசி குத்திக்கொண்டவன் நான். எந்த வரத்தை யார் அறுத்தது என்று அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். மாஸ்க் போட்டிருந்தேன், பேச முடியவில்லை என்று சொல்லலாம்தான். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அதே மாஸ்க்கை விலக்கித் தண்ணீர் கேட்டிருந்தேன்.

குழாயில் அடைப்பு இல்லை. அப்படியானால் இதயம் ஏன் கெட்டது? டாக்டரம்மா இரண்டு நாளாகக் கேட்டார். "குடிப்பீங்களா? ஜிம்முல ஏதாவது ஊசி, மாத்திரை?" அம்மாவும் செல்வியும் பக்கத்தில் நின்றார்கள். "புரோட்டீன் பவுடர் மட்டும்தான்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைத் திருப்பிப் படுக்க வைத்து, இடுப்பில் இருந்த தழும்புகளை விரலால் தொட்டார்.

"ரத்தம் கஞ்சி மாதிரி கெட்டியா இருக்கு. பொட்டாசியம் அடிமட்டம். முதுகெல்லாம் கட்டி. எனக்குத் தெரியும், உங்க வாயால வரணும். நீங்க பொய் சொன்னா நான் தப்பா வைத்தியம் பண்ணுவேன். சாகப்போறது நான் இல்ல."

சொன்னேன். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதம், நீர் மாத்திரை எல்லாம். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "பிள்ளைங்க?" என்றார்.

"இல்ல. என் பொஞ்சாதிக்கு வைத்தியம் பாக்கோம்."

"உங்களுக்குப் பரிசோதனை எடுத்தாங்களா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பேனாவை மூடினார். டாக்டரம்மாவின் குரல் முதல்முறையாக இளகியது. "தினமும் ஹோட்டல்லேர்ந்து சாப்பாடு வந்துக்கிட்டே இருந்தா வீட்டுல அடுப்பு பத்த வைப்பாங்களா? வெளியேயிருந்து ஹார்மோன் வந்தா, மூளை 'இங்க போதும்'னு விரைக்குச் சொல்லிரும். அது தன் வேலைய நிறுத்திரும். உயிரணு உற்பத்தியும் நின்னுபோகும். ஒரு தடவை கரு தங்கியிருக்குல்ல, அது தானா கலையுறது நிறையப் பேருக்கு நடக்கும். நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா அடுத்தது வந்திருக்கும்."

ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா. நெஞ்சைச் சுற்றி வில்லைகள் ஒட்டியிருந்த அந்தப் படுக்கையில் நான் குமுறி அழுதேன். மானிட்டர் கூவ ஆரம்பித்து நர்ஸ் ஓடி வந்தாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு விந்துப் பரிசோதனை எடுத்தார்கள். காகிதத்தில் ஒரே வரி. உயிரணு எதுவும் காணப்படவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை.

அன்று மத்தியானம் செல்வி உப்பில்லாத கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஊருக்குப் போயிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னேன். அவள் கரண்டி நடுவில் நின்றது.

"எப்பத்துலேர்ந்து?"

"ஒண்ணரை வருசமா."

"எனக்குக் குழாய்ல மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தாவள்ல, அன்னைக்கும் போட்டிருந்தீங்களா?"

"காலையில போட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் மிச்சக் கஞ்சியையும் ஊட்டி முடித்தாள். கிண்ணத்தைக் கழுவி வந்து துடைத்து வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மாத்திரை நேரத்துக்கு மாத்திரை வந்தது, குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் மில்லிக் கணக்கில் சீட்டில் எழுதி வைத்தாள். எதிர்க் கட்டில் பெரியவர் அவளைப் பார்த்து, "இப்பிடி ஒரு பிள்ள கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் வே" என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கணபதி அண்ணாச்சி ஒருநாள் வந்தார். குங்குமப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுக் கேவிக் கேவி அழுதார். "சாமின்னு நெனச்சு மேளத்த அடிக்கச் சொன்னேனேலே. ஒன்னக் கொல்லப் பாத்தேனே." அவரிடமும் ஊசி விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் ஒன் காலுல விழுந்தேன்லே" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபோது வந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அணைந்துபோன அடுப்பு அடுத்த நாளே பற்றிக்கொள்ளாது. ஊசியும் இல்லை, சொந்த ஹார்மோனும் இல்லை என்கிற அந்த மாதங்கள்தான் நரகம். காரணமில்லாமல் அழுகை வரும். மார்பில் பொம்பளைக்குப் போல வலியோடு கட்டி. மனைவி பக்கத்தில் படுத்திருந்தாலும் மரக்கட்டை. செத்துப்போகலாம் என்று பலமுறை தோன்றியது, டாக்டரம்மாவிடம் சொல்லி அதற்கும் மருந்து எடுத்தேன். தசையெல்லாம் வடிந்து மறுபடி ஓடக்கான் ஆனேன்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. என் நெஞ்சு படபடக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. காப்பை அறுத்த கதையை அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். "அவளா அறுத்தா, அவளுக்கே இல்லாமப் போச்சு." செல்வி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் மாத்திரை டப்பாவைத் தேடுவது போல உள்ளே போய்விடுவேன்.

இதயம் மெல்லத் தேறியது. முழுசாக அல்ல, ஓரளவுக்கு. பாரம் தூக்கக் கூடாது, மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. உயிரணுப் பரிசோதனை ஆறு மாதத்தில் மறுபடி பூஜ்யம். போன மாதம் எடுத்ததில், சில இருக்கின்றன என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்விக்குப் பரிசோதனை எடுத்த பழைய டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

"இயற்கையா நிக்கிறது கஷ்டம். ஆனா கருமுட்டையை வெளிய எடுத்து, லேப்ல சேத்து வைக்கலாம்" என்றார் அவர். "அதுக்கு உங்க மனைவிக்குப் பத்துப் பன்னண்டு நாள் வயித்துல ஊசி போடணும். அப்புறம் மயக்கம் குடுத்து முட்டையை எடுப்போம்."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அப்ப இவங்களுக்கு?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. சாம்பிள் குடுத்தா போதும்."

வெளியே வந்து பஸ்ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் நின்றாள். "புள்ள வேண்டாம்னு சொல்லல. எனக்கு ஊசி போதும். நீங்க செஞ்சதுக்கு இன்னும் என் ஒடம்புலதான் குத்தணும்னா, என்னால ஆகாது. கோவத்துல சொல்லல. ஆகாது, அம்புட்டுதான்." சரி என்று சொன்னேன். வேறு எதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது?

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நின்றாள். "டாக்டர் என்ன சொன்னாவ? இவளுக்கு என்ன குறையாம்?"

செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவைத் தாண்டி உள்ளே போகப் போனாள். நான், "அம்மா" என்றேன்.  "குறை எனக்கு. அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. ஒண்ணரை வருசம் நான் ஊசி போட்டேன், ஒடம்பு வைக்க. நெஞ்சு கெட்டதும் அதுலதான். பிள்ளை இல்லாமப் போனதும் அதுலதான். விரதமும் இல்ல, மகிமையும் இல்ல."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். செல்வியின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் குனிந்து, ரகசியம் போலக் கேட்டாள். "இப்பிடிச் சொல்லச் சொல்லி அவ சொல்லிக் குடுத்தாளாலே?"

ரிப்போர்ட்டை நீட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "காயிதத்துல என்ன வேணாலும் எழுதுவாவ. பொண்டாட்டியக் காப்பாத்த நீ பொய் சொல்லுத" என்றாள்.

உள்ளே போகப்போன செல்வி நிலைப்படியைப் பிடித்தாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். நான் சாகக் கிடந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் ஒருநாளும் அழாதவள், ஏங்கி ஏங்கி, நெஞ்சிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் அடக்கவில்லை. எத்தனை வருஷத்து அழுகை அது என்று எனக்குத்தான் தெரியும்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நெசமாலே?" என்று கேட்டாள்.

"நெசந்தாம்மா" என்றேன்.